எதுல பாதி?

டிசம்பர் 5, 2023. வேளச்சேரி
மழை விட்டுவிட்டது, தண்ணீர் வடியவில்லை. கீழ்வீட்டில் இடுப்பளவு. அந்த நாலு பேரும் நேற்றே மேலே என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கரண்ட் இல்லை, போனில் உயிர் இல்லை. நாள் கிழமை குழம்புகிறது. பழைய டைரியைத் தேடி எடுத்தேன்.

டிசம்பர் 6
பால் வரவில்லை. கடுங்காபி.

டிசம்பர் 7
“அக்கா, சும்மா இருந்தா ரெண்டும் அடிச்சுக்குதுங்க. எதாவது சொல்லிக் குடுங்களேன்” என்றாள் கீழ்வீட்டுக்காரி. பெரியவள் மூணாங்கிளாஸ். கணக்கில் பின்னம் ஆரம்பித்திருந்தார்களாம். புத்தகம் கீழே ஊறிக்கொண்டிருக்கிறது.

மாத காலண்டரில் பழைய தாள்களைக் கிழித்தேன். ஒரு மடிப்பு, பாதி. இன்னொரு மடிப்பு, கால். முதல் வகுப்புச் சின்னவனே போட்டுவிட்டான். அடுத்து ஒரு தாளை மூலைக்கு மூலை கோணலாக மடிக்கச் சொன்னேன். ஓரங்கள் துருத்திக்கொண்டு நின்றன.

“இது பாதி இல்ல ஆன்ட்டி. ஒண்ணு மேல ஒண்ணு உக்காரல.”

மடிப்பிலேயே வெட்டி, இரண்டு முக்கோணங்களையும் அவள் கையில் கொடுத்தேன். திருப்பினாள், கவிழ்த்தாள், தலைகீழாகச் சுற்றினாள். சட்டென்று பொருந்திவிட்டது. நம்பாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பிறகு ஒரு தாளை நாலு பட்டையாகவும் இன்னொன்றை நாலு கட்டமாகவும் வெட்டினோம். நீளமான பட்டைதான் பெரிசு என்று சின்னவன் பிடுங்கிக்கொண்டான். அவள் இன்னொரு பட்டையை நடுவில் குறுக்கே வெட்டினாள். இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அச்சாக அந்தக் கட்டம். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை! ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 8
மூன்றில் ஒன்றா, நாலில் ஒன்றா, எது வேண்டும் என்றால் சின்னவனுக்கு நாலில் ஒன்றுதான். மூணைவிட நாலு பெரிசாம். இரண்டையும் வெட்டிக் காட்டினேன். முகம் தொங்கிப்போயிற்று. பெரியவள் அவனுக்குத் தினசரி காலண்டர் தாளில் பாதியைக் கொடுத்துவிட்டு, மாதத் தாளில் பாதியைத் தான் வைத்துக்கொண்டாள். “பாதி பாதிதானேடா” என்கிறாள். ஒரே அழுகை.

டிசம்பர் 9
தண்ணீர் வடிந்தது. கீழே போன அவர்கள் அம்மா பேச்சில்லாமல் திரும்பி வந்தாள். ஃப்ரிட்ஜ், மெத்தை, கிரைண்டர், பீரோவின் அடித்தட்டுப் புடவைகள். எனக்கு வீடு முழுக்கக் காகிதக் குப்பையைப் பார்க்கவே எரிச்சல்.

டிசம்பர் 11
பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. யூனிஃபார்ம் காயவில்லை.

டிசம்பர் 18
ரேஷன் கடையில் நிவாரணம் வாங்கி வந்தோம். ஒரு அட்டைக்கு 6,000 ரூபாய். அவர்களுக்கும் அதே, மாடியில் ஒரு பாய்கூட நனையாத எனக்கும் அதே. ஐந்நூறு ரூபாய்த் தாள் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு கட்டு. பெரியவள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரம் தட்டினாள்.

என்னுடையதை நீட்டினேன். வாங்க மாட்டேன் என்று அவள் அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“சரி, பாதியாவது எடுத்துக்கோ.”

“எதுல பாதிக்கா?”

நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றேன்.