பொரி போக மறுக்கும் முக்கு

நவம்பர் 6

இஸ்திரி வண்டி நிற்கும் முக்கில் பொரி சட்டென்று நின்றுவிட்டாள். வால் வயிற்றுக்கடியில் போய்விட்டது, காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டன. குட்டியிலிருந்து இதே தெருவில் நடப்பவள். நங்கநல்லூரில் வளர்ந்த நாய் என்பதால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேல் போனாலும் அண்ணாந்து பார்க்கமாட்டாள். இன்று எதிரே ஒன்றுமே இல்லை. என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எழுதுவதுதான் சரி. வீட்டைப் பார்த்து இழுத்த இழுப்பில் கழுத்து பெல்ட் கழன்றிருக்கும்.

நவம்பர் 7

அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "அந்த முக்குல காத்து கருப்பு ஏதோ இருக்கு. நாய் கண்ணுக்கு எமனே தெரிவான், இது தெரியாதா?"

எதிர்வீட்டுக்காரர் தீபாவளி வெடி என்கிறார். கார்த்திகை வரைக்கும் பையன்கள் மிச்ச வெடியை ஒவ்வொன்றாகக் கொளுத்திக்கொண்டிருப்பது உண்மைதான். ஆனால் வெடிக்குப் பயந்தால் பொரி கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்வாள். இப்போதோ அடுத்த தெருவுக்குள் நுழைந்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். ஆக, பயம் அந்த இடத்தோடு ஒட்டியிருக்கிறது.

நவம்பர் 9

கால்நடை மருத்துவரிடம் போனோம். நான் பயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்க, அவர் பொரியின் இடுப்பையும் முதுகையும் அமுக்கிப் பார்த்தார். காது, பல், பாதத்தின் அடி எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பேசினார். இளம் நாய்களுக்கு ஒன்றரை வயதுக்குள் ஒரு பயப் பருவம் வந்துபோவதுண்டாம். வளர்ந்த நாய் திடீரென்று பயந்தால் முதலில் வலி இருக்கிறதா என்றுதான் தேடவேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து படித்தேன். பிரிட்டனிலும் பிரேசிலிலும் உள்ள ஆய்வாளர்கள் 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். சத்தத்துக்கு அஞ்சும் 20 நாய்களைப் பார்த்ததில், மூட்டிலோ தசையிலோ வலி இருந்தவற்றுக்கு மற்றவற்றைவிட வயது கூடிய பிறகே பயம் தொடங்கியிருந்தது. திடுக்கிட்டு உடம்பை இறுக்கும்போது வலி சுரீரென்கிறது. நாய் அந்த வலியைச் சத்தத்தின் மேலும் இடத்தின் மேலும் போட்டுவிடுகிறது என்பது அவர்கள் ஊகம். ஒரு நாய்க்கு அடம் என்று பெயர் சூட்டுவதற்கு முன் இதை யாராவது படித்தால் நல்லது.

பொரிக்கு வலி எங்கும் தென்படவில்லை. எங்கே நின்றாள், தரை ஈரமா, கொடுத்ததைத் தின்றாளா என்று தினமும் குறித்துக்கொண்டு வரும்படி மருத்துவர் சொன்னார். எழுதும் பழக்கம் உள்ளவனுக்கு அது சுமையில்லை.

நவம்பர் 11

நமக்குக் காது 20,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். முக்கு வீட்டில் புதிதாக இன்வெர்ட்டரோ எலி விரட்டும் கருவியோ வாங்கினார்களா என்று விசாரித்தேன். இல்லை என்றார்கள். போகிற வழியெல்லாம் இப்படி விசாரிப்பவனைத் தெருவில் என்ன நினைப்பார்களோ.

நவம்பர் 14

இரவெல்லாம் மழை. இஸ்திரிக்காரர் தார்ப்பாயை உதறிக்கொண்டே சொன்னார்: "மழை வந்துட்டா தெரு நாய்ங்களே அந்த கரண்ட் பெட்டிகிட்ட போவாது சார். அந்தாண்ட ரோட்டுக்குப் போயி சுத்திக்கினு வரும்."

அவர் காட்டியது நடைபாதையோரம் நிற்கும் சாம்பல் நிறப் பெட்டி. சுற்றிலும் தண்ணீர் தேங்கியிருந்தது. எனக்குப் பகீரென்றது. நான் ரப்பர் செருப்பில் நிற்கிறேன், பொரி வெறுங்காலில். ஈரத் தரையில் மின்சாரம் கசிந்தால் பெட்டிக்குப் பக்கத்தில் மின்னழுத்தம் கூடுதலாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையில் உள்ள அந்த வித்தியாசத்தால்தான் உடம்பு வழியே மின்சாரம் பாய்கிறது. நான்கு காலை அகல ஊன்றி நிற்கும் பிராணிக்கு இந்த ஆபத்து அதிகம். பக்கத்தில் மின்னல் விழுந்தால் மாடுகள் கூட்டமாகச் சாவதற்கும் இது ஒரு காரணம்.

உடனே போன் செய்து புகார் கொடுத்தேன். இஸ்திரிக்காரர் பெட்டியைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பர் 15

ஆட்கள் வந்து திறந்தார்கள். உறை உரிந்த வயர் ஒன்று ஈரத்தில் கிடந்ததாம். மாற்றிவிட்டுப் போனார்கள். பொரிக்கு ஷாக் அடித்ததா என்பதை யார் பார்த்தார்கள்? அடித்திருக்கலாம்.

நவம்பர் 19

பெட்டி சரியாகிவிட்டது, பொரி சரியாகவில்லை. தரை காய்ந்த பிறகும் அதே இடத்தில் நிற்கிறாள். போதாக்குறைக்கு, அதே உயரத்தில் உறை போட்டு மூடிய ஸ்கூட்டரைப் பார்த்தாலும் பதுங்குகிறாள்.

பாவ்லோவின் நாய்கள் என்றால் மணியோசையும் எச்சிலும்தான் பள்ளிப் பாடத்தில். 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் வெள்ளம் வந்து அந்த நாய்களின் கொட்டகைக்குள் புகுந்த கதையை யாரும் சொல்லித்தரவில்லை. நீந்த வைத்துத்தான் அவற்றைக் காப்பாற்றினார்கள். சில நாய்கள் பழகியதையெல்லாம் மறந்திருந்தன. மெல்லத் தேறிய ஒரு நாயின் அறைக்குள், பல வாரம் கழித்து, கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீர் ஓட விட்டபோது அது மறுபடி நிலைகுலைந்துபோனது. பொரிக்கு அந்தப் பெட்டியே ஒரு வெள்ளமாகியிருக்கலாம்.

ஆனால் பால் பூத் அருகிலும் இன்று நின்றாள். அங்கே பெட்டியும் இல்லை, தண்ணீரும் இல்லை. இதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது.

நவம்பர் 25

பயப்படும்போது தின்னக் கொடுத்தால் பயம் வளரும் என்று பூங்காவில் ஒருவர் எச்சரித்தார். மருத்துவரிடம் சொன்னபோது சிரித்தார். உட்காரச் சொன்னதற்குப் பிஸ்கட் கொடுத்தால் மறுபடி உட்காரும். கோழித்துண்டு கொடுத்தால் யாராவது மறுபடி பயந்து காட்டுவார்களா? முக்கிலிருந்து அவள் தின்னக்கூடிய தூரத்தில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். வாங்க மறுத்தால் நாம் மிக அருகில் போய்விட்டோம் என்று அர்த்தம், பின்வாங்கவேண்டும். இழுக்கவே கூடாது.

இன்று வேகவைத்த கோழியோடு மருந்துக்கடை வாசலில் நின்றோம். தின்றாள். இரண்டு வீடு முன்னால் போனோம். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பி ஆஞ்சநேயர் கோயில் பக்கம் நடந்தோம். அங்கே ஒரு தயக்கமும் இல்லை.

டிசம்பர் 2

பெட்டிக்கு எதிர்ச்சாரியில், இஸ்திரி வண்டியின் நிழலிலேயே நின்று தின்றாள். கண் மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை. மழை இல்லாத நாள் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா பொரியின் கழுத்தைத் தடவி, பெல்ட்டுக்கடியில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை எடுத்துக் காட்டினாள். போன வெள்ளிக்கிழமையே மந்திரித்து வாங்கிவந்து கட்டியிருக்கிறாள். டாக்டருக்குக் காட்டும் நோட்டில் இதையும் எழுது என்கிறாள். தேதி போட்டு எழுதிவிட்டேன்.