30 விழுக்காடு எங்கிருந்து வந்தது?

"முகமே மாறிப்போச்சே, சுகர் இருக்கான்னு பாத்தியா?" மாதவிலக்கு நிற்கிற வயதில் இருக்கும் பெண்கள் கல்யாண வீடுகளில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்வி இது. கேட்பவர் போன வருஷம் பார்த்தவராக இருப்பார். அதற்குள் கன்னம் ஒட்டியிருக்கும், கண்ணைச் சுற்றிக் குழி விழுந்திருக்கும், தாடையோரம் நேராக ஓடிய கோட்டில் சின்னதாக ஒரு தொங்கல் வந்திருக்கும். வயதானால் முகம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தப் பெண்கள் சொல்லும் குறை அதுவல்ல. கொஞ்சம் கொஞ்சமாக வந்திருந்தால் பழகிப்போயிருக்கும், ஒரே வருஷத்தில் வந்துவிட்டது என்கிறார்கள். இதற்கு விளக்கம் கேட்டால் எங்கும் ஒரே வாக்கியம்தான் பதிலாக வருகிறது: மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலிலுள்ள கொலாஜனில் 30 விழுக்காடு போய்விடும். பியூட்டி பார்லரில் சொல்கிறார்கள், டாக்டர்களின் பேட்டிகளில் வருகிறது, கொலாஜன் பவுடர் விளம்பரங்களில் தவறாமல் இருக்கிறது. இவ்வளவு திட்டமான எண் என்றால் யாரோ எங்கோ உட்கார்ந்து அளந்திருக்க வேண்டும். யார் அளந்தார்கள், யாருடைய தோலில், உடம்பில் எந்த இடத்தில் என்று தேடிப் போனேன். போய்ச் சேர்ந்த இடம் அழகோடு சம்பந்தமே இல்லாத இடம்.

அந்த எண்ணைப் பின்தொடர்ந்தால், ஒரு கட்டுரை இன்னொன்றைக் காட்ட, அது வேறொன்றைக் காட்ட, கடைசியில் 1980களின் லண்டனில் போய் நிற்கிறது. மால்டா நாட்டைச் சேர்ந்த மார்க் பிரின்கட், ஜான் ஸ்டட் என்ற மகப்பேறு மருத்துவர், அவர்களின் சகாக்கள் ஆகியோர் மாதவிடாய் நின்ற பெண்களை ஆராய்ந்துவந்தார்கள். 1983இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான அவர்களது கட்டுரை, ஹார்மோன் எடுக்காத பெண்களையும் ஹார்மோன் துண்டுகளைத் தோலுக்கடியில் பதித்துக்கொண்ட பெண்களையும் ஒப்பிட்டது. தோலில் சிறு துண்டு வெட்டியெடுத்து, ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலத்தின் அளவைக் கொண்டு கொலாஜனைக் கணக்கிட்டார்கள். ஹார்மோன் எடுத்தவர்களிடம் கொலாஜன் 48 விழுக்காடு அதிகம் இருந்தது. எடுக்காதவர்களிடம் கொலாஜன் குறைவு அவர்களின் வயதைவிட, மாதவிடாய் நின்று எத்தனை வருஷம் ஆகிறது என்பதோடுதான் ஒத்துப்போயிற்று. அடுத்துவந்த கட்டுரைகளில் இந்தக் கணக்கு விரிந்தது. தொடக்க ஆண்டுகளில் வேகமான இழப்பு, பிறகு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்ற அளவில் நீண்ட இழப்பு. நாம் கேட்கும் 30 விழுக்காடு இந்த வரிசையிலிருந்து வந்ததுதான். அந்தத் தோல் துண்டுகளை எடுத்த இடம் தொடை. முகத்தில் யாரும் கை வைக்கவில்லை. ஒரே பெண்ணை 5 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த கணக்கும் இல்லை. மாதவிடாய் நின்று வெவ்வேறு காலம் ஆன வெவ்வேறு பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த கணக்கு.

தொடையை ஏன் வெட்டினார்கள் என்று கேட்டபோதுதான் தேடல் சூடு பிடித்தது. அதே குழுவின் 1987ஆம் ஆண்டுக் கட்டுரை, தோலின் கொலாஜன், தோலின் தடிமன், எலும்பின் திண்மை மூன்றையும் சேர்த்தே அளக்கிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது எலும்பைப் பற்றிய சேதி. தோலை அதற்கு ஜன்னலாக வைத்துக்கொண்டார்கள். இந்த யோசனையும் அவர்களோடு தொடங்கியதல்ல. 1963இல் மெக்கான்கியும் சகாக்களும் லான்செட்டில் எழுதிய கட்டுரை, புறங்கையில் தோல் கண்ணாடிபோல் ஆகிவிட்ட பெண்களைப் பற்றியது. அவர்கள் பார்த்தது வெறும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு விஷயம். புறங்கையை நீட்டினால் சாதாரணமாக ரத்தநாளம் மேடாகத் தெரியும், அதன் ஓரம் மங்கலாக இருக்கும். தோல் மெலிந்தவர்களிடமோ நாளத்தின் இரண்டு ஓரமும் பேனாவால் வரைந்ததுபோல் கூர்மையாகத் தெரியும். அப்படித் தெரிந்த பெண்களில் எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் அதிகம் இருந்தார்கள். இன்னும் பின்னால் போனால் பாஸ்டன் நகரம், ஃபுல்லர் ஆல்பிரைட். மாதவிடாய் நின்றபின் வரும் எலும்பு மெலிவை 1940, 1941 ஆண்டுகளில் தனி நோயாக எடுத்துச் சொன்னவர். அந்தப் பெண்களின் தோலும் மெலிந்திருப்பதை அப்போதே அவர் கவனித்திருந்தார். ஆக இன்று க்ரீம் டப்பாவில் ஒட்டியிருக்கும் எண், எலும்பு ஏன் முறிகிறது என்று தவித்த மருத்துவர்களின் நோட்டுப் புத்தகத்தில் பிறந்தது.

அதற்காக அந்த எண்ணைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொடையில் போகிற கொலாஜன் முகத்திலும் போகத்தானே செய்யும் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 1980இல் வெளியான ஓர் ஆய்வு, ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் புள்ளிகள் தொடையைவிட முகத் தோலில்தான் அதிகம் என்று கண்டது. அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் குறைவின் அடி முகத்தில் இன்னும் பலமாகவே விழக்கூடும். ஆனால் தொடை சேலைக்குள் இருக்கிறது, முகம் 50 வருஷ வெயிலில் நின்றது. தொடைத் தோலுக்கடியில் இருப்பதும் முகத் தோலுக்கடியில் இருப்பதும் ஒன்றல்ல. போகிற திசையை நம்பலாம், அளவை முகத்துக்குப் பொருத்த முடியாது. பவுடர் விற்பவர்களுக்கு லண்டன் ஆய்வில் இடமே இல்லை. அந்தப் பெண்களில் யாருக்கும் கொலாஜன் குடிக்கக் கொடுக்கப்படவில்லை. குடித்த கொலாஜன் குடலில் சிறுசிறு துண்டுகளாக உடைந்துதான் ரத்தத்தில் சேர்கிறது, நேராகக் கன்னத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.

முகத்தையே அளந்தவர்கள் உண்டா என்றால், உண்டு. வியன்னாவின் சோன்யா விண்ட்ஹாகரும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, 26 வயது முதல் 90 வயது வரையிலான 88 பேரின் முகத்தை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வடிவத்தை ஒப்பிட்டது. சுமார் 50 வயதுவரை ஆண் முகமும் பெண் முகமும் ஏறக்குறைய ஒரே தடத்தில்தான் முதிர்கின்றன. அதன் பிறகு பெண்ணின் தடம் சட்டென்று திரும்புகிறது. மாதவிடாய் நின்ற தொடக்க ஆண்டுகளில் பெண் முகம் ஆண் முகத்தைப்போல் மூன்று மடங்கு வேகம்வரை மாறுகிறது. என்னென்ன மாறுகிறது என்ற பட்டியலைப் படித்தால் கல்யாண வீட்டுக் கேள்வி நினைவுக்கு வரும். முகம் தட்டையாகிறது, தாடைக் கோடு உடைகிறது, மூக்கோரத்திலிருந்து வாய்வரை ஓடும் மடிப்பு ஆழமாகிறது, கண் சின்னதாகத் தெரிகிறது, உதடு மெலிகிறது. எல்லாமே வடிவ மாற்றங்கள். மேலே பூசுகிற எதனாலும் தொட முடியாத ஆழத்தில் ஏதோ நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. 88 பேர் சிறிய எண்ணிக்கைதான், இவர்களும் வெவ்வேறு வயதுக்காரர்கள்தான். இருந்தாலும் திருப்பம் வரும் இடம் பெண்கள் தாங்களாகவே சுட்டிக்காட்டுகிற இடமாக இருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஆழத்தில் என்ன இருக்கிறது? 2011இல் ராபர்ட் ஷாவும் சகாக்களும் 60 ஆண்கள், 60 பெண்களின் சி.டி. ஸ்கேன்களை வயது வாரியாக ஒப்பிட்டார்கள். வயது ஏற ஏறக் கண்குழி விரிகிறது, மேல்தாடை பின்னுக்குப் போகிறது, கீழ்த்தாடையின் நீளமும் உயரமும் குறைகின்றன. முகத்தின் கொழுப்பு ஒரே படலமாக இல்லாமல் தனித்தனி அறைகளாக இருக்கிறது என்பது 2007இல் ரோரிச், பெஸ்ஸா இருவரின் ஆய்வில் தெளிவானது. ஒவ்வொரு அறையும் தன் போக்கில் வற்றும் அல்லது இறங்கும். இலவம்பஞ்சுத் தலையணையை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு அமுங்கிக் கட்டிகட்டியாகிவிட்டால் உறை புதிதாக இருந்தாலும் சுருங்கித் தொங்கும். உறையும் நைந்துபோயிருந்தால் கேட்கவே வேண்டாம். முகத்தில் உறை, பஞ்சு, அடியிலிருக்கும் கட்டில் மூன்றும் ஒரே சமயத்தில் தளர்கின்றன. ஒரே சமயம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1996இல் தொடங்கி நடுவயதுப் பெண்களை வருஷா வருஷம் தொடர்ந்து பார்த்த ஸ்வான் ஆய்வில், கடைசி மாதவிலக்குக்கு ஏறக்குறைய 2 ஆண்டுகள் முன்பு ஈஸ்ட்ரோஜன் சரியத் தொடங்கி, 2 ஆண்டுகள் பின்பு அடங்குகிறது. எலும்பு இழப்போ அதைவிட நெருக்கம். 10 ஆண்டுகளில் முதுகெலும்பு அடர்த்தியில் போகிற 10.6 விழுக்காட்டில் 7 விழுக்காட்டுக்கு மேல், கடைசி மாதவிலக்குக்கு 1 ஆண்டு முன்பிலிருந்து 2 ஆண்டு பின்புவரை உள்ள அந்த 3 ஆண்டுகளுக்குள்ளேயே போய்விடுகிறது. ஸ்வான் முக எலும்பை அளக்கவில்லை. ஷாவின் ஆய்வு மாதவிடாயைக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது என் ஊகம்தான். ஆனாலும் ஒரே ஹார்மோனை நம்பியிருந்த தோலும் எலும்பும் ஒரே குறுகிய காலத்தில் விட்டுக்கொடுத்தால் அது திடீர் என்றுதான் தெரியும். பெண்கள் மிகைப்படுத்தவில்லை.

வயதுதான் காரணம், மாதவிடாயை ஏன் இழுக்கிறீர்கள் என்பார்கள். இந்தக் கட்சிக்கும் பலம் உண்டு. ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் ஸ்னைடர் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு, 108 பேரின் உடலிலுள்ள ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைப் பார்த்து, முதுமை 44 வயதையொட்டியும் 60 வயதையொட்டியும் இரண்டு தாவல்களாக வருகிறது என்றது. 44 வயதுத் தாவல் பெண்களின் மாதவிடாய் மாற்றத்தால் வந்ததோ என்று அவர்களும் முதலில் சந்தேகப்பட்டார்கள். ஆண்களிடமும் அது இருந்தது. ஆகவே நடுவயதுத் தாவல் எல்லோருக்கும் பொது. வெயில், புகை, உடல் எடை ஆகியவற்றின் பங்கையும் மறுக்க முடியாது. 2009இல் வெளியான, ஒரே கருவில் பிறந்த 186 ஜோடி இரட்டையரை ஒப்பிட்ட ஆய்வில், 40 வயதைத் தாண்டியவர்களில் எடை குறைந்தவரின் முகமே அதிக வயதாகத் தெரிந்தது. நடுவயதில் பட்டினி கிடந்து இளைத்த பெண்ணிடம் "என்னம்மா இப்படி ஆயிட்டே" என்று கேட்கிறார்களே, அதற்கு விடை இங்கே இருக்கிறது. ஆனால் வெயிலும் புகையும் பல வருஷம் மெல்ல வேலை செய்பவை. ஆண்களும் 50ஐக் கடக்கிறார்கள், அவர்கள் முகத்தின் தடம் வியன்னா ஆய்வில் அப்படித் திரும்பவில்லை. வயது மட்டும்தான் என்றால் இந்த வித்தியாசத்துக்குப் பதில் சொல்ல முடியாது.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. குறைந்தது ஈஸ்ட்ரோஜன் என்றால், அதைத் திருப்பிக் கொடுத்தால் முகமும் திரும்ப வேண்டுமே? 1983 கட்டுரையின் 48 விழுக்காடு அந்த நம்பிக்கையைத்தான் கொடுத்தது. பின்னால் முறையாக நடந்த சோதனைகள் கைகொடுக்கவில்லை. 2008இல் வெளியான ஒன்றில், மாதவிடாய் நின்று சராசரி 5 ஆண்டுகள் ஆன 485 பெண்களுக்கு 48 வாரம் குறைந்த அளவு ஹார்மோனோ வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். முகச் சுருக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2016இல் கீப்ஸ் என்ற ஹார்மோன் ஆய்வின் தோல் பிரிவும் அதையே சொன்னது. என் வாதத்தை இது உடைக்கிறதா? சுருக்கம்தான் எல்லாம் என்று நான் சொல்லியிருந்தால் உடைத்திருக்கும். இந்தச் சோதனைகள் பார்த்தது பெரும்பாலும் உறையை. அமுங்கிய பஞ்சையும் இறங்கிய கட்டிலையும் மாத்திரை மறுபடி எழுப்பும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. போவதைத் தடுப்பது வேறு, போனதை மீட்பது வேறு. ஹார்மோன் சிகிச்சைக்கு உண்மையான தேவைகள் இருக்கின்றன. உடம்பு குப்பென்று சூடாகி வேர்த்துக்கொட்டுவது அதில் முதலானது. முகத்துக்காக மட்டும் அதை எடுப்பதற்கு இந்தச் சான்றுகள் போதாது என்பதே என் முடிவு.

நம் பெண்களைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள். கீப்ஸ் ஆய்விலேயே கறுப்பினப் பெண்களின் முகத்தில் சுருக்கம் குறைவாக இருந்தது. மாநிறத் தோலில் மெல்லிய சுருக்கம் தாமதமாகத்தான் வரும்; மங்கும் தொங்கலும் முந்திக்கொள்ளும். மாதவிடாயும் இந்தியாவில் சராசரி 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது, மேற்கு நாடுகளில் 51. கோடு விழவில்லை, அதனால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று நம் பெண் நினைத்திருக்கும்போதே எலும்பு வேகமாகக் கரையும் அந்த 3 ஆண்டுகள் அவளைக் கடந்து போயிருக்கலாம்.

எல்லாவற்றையும் மாதவிடாய்க் கணக்கில் எழுதிவிடுவதும் ஆபத்து. முகம் ஊதி, புருவத்தின் வெளிக்கடைசி கொட்டினால் தைராய்டைப் பார்க்க வேண்டும். முன்நெற்றி முடி பின்வாங்கிப் புருவமும் உதிர்ந்தால், 1994இல் சிட்னியின் ஸ்டீவன் கோசார்ட் மாதவிடாய் நின்ற 6 பெண்களிடம் முதன்முதலில் விவரித்த நோயாக இருக்கலாம். சீக்கிரம் தோல் மருத்துவரிடம் போனால் மிச்ச முடியைக் காப்பாற்றலாம். முகம் ஒருபக்கமாகக் கோணினால் அன்றைக்கே, அந்த மணியிலேயே ஆஸ்பத்திரி.

தேடலின் கடைசியில் கிடைத்த ஒரு துணுக்கு என்னை மறுபடி ஆல்பிரைட்டிடமே கொண்டுபோய் விட்டது. 2011இல் யேல் பல்கலைக்கழகத்தின் லுப்னா பால், மாதவிடாய் நின்று 3 ஆண்டுகளுக்குள் இருந்த 114 பெண்களின் முகத்திலும் கழுத்திலும் 11 இடங்களில் சுருக்கத்தை மதிப்பிட்டு, நெற்றியிலும் கன்னத்திலும் தோலின் உறுதியை அளந்து, எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டதை ஒரு மருத்துவ மாநாட்டில் வெளியிட்டார். சுருக்கம் கூடிய இடத்தில் எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது. முகத்தைப் பார்த்து எலும்பு நோயைச் சொல்லிவிட முடியாது, அதற்கு இந்தச் சான்று பத்தாது. ஆனால் கண்ணாடி முன்னால் நின்று கலங்குகிற பெண்ணுக்குச் சரியான அடுத்த கேள்வி எது என்பதற்குப் போதும். அந்தக் கேள்வியோடு டாக்டரிடம் போங்கள். கடைசியாக மாதவிலக்கு வந்த மாதம், நீங்கள் எப்போதாவது லேசாக விழுந்து எலும்பு முறிந்திருந்தால் அது, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பெலும்பு முறிந்திருந்தால் அது, இந்த மூன்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போய், எலும்பு அடர்த்தி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். மெத்தையில் சும்மா படுத்திருக்கிற ஸ்கேன்தான் அது. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.