மிதி... பிடி!

வீட்டில் பழைய கார் வைத்திருக்கும் நேயர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். ஏனென்றால் இதில் பாதி காரைப் பற்றியது. மீதி, கணவன் என்ற பிராணியைப் பற்றியது.

எங்கள் வீட்டில் ஒரு பத்மினி கார் இருக்கிறது. 1988-ல் என் தகப்பனார் வாங்கியது. அந்த ரகக் காரின் உற்பத்தி நின்றே இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் விற்க மனம் வரவில்லை. வண்டியை ஓட்டுகிறவள் என் மனைவி. வண்டியைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவன் நான். இப்படி ஒரு பங்கீடு.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் அவள் சொன்னாள்: "சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நின்றால், அது மெள்ள மெள்ளக் கீழே இறங்குகிறது. இன்னொரு தடவை மிதித்தால் சரியாகிவிடுகிறது."

நான் காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒழுகவில்லை. நாலு சக்கரமும் காய்ந்துதான் இருந்தன.

"ஒன்றுமில்லை. உனக்குப் பிரமை!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினேன்.

பத்து நாள் கழிந்தது. பெண்ணைப் பாட்டு வகுப்பிலிருந்து அழைத்துக்கொண்டு அவள் கோடம்பாக்கம் மேம்பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். கீழே வண்டிகள் வரிசையாய் நின்றன. பிரேக்கை மிதித்தாள். பெடல் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. மறுபடியும் மிதித்தாள், மறுபடியும் மிதித்தாள், கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். முன்னால் நின்ற ஆட்டோவுக்கும் எங்கள் காருக்கும் இடையே ஒரு சாண் இடம் பாக்கி இருந்ததாம். அந்த ஆட்டோவில் மூன்று பள்ளிக்கூடக் குழந்தைகள்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு, வாடகை வண்டியில் வீட்டுக்கு வந்தார்கள். அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கார் சாவியை என் முன்னால் மேஜைமேல் வைத்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் எங்கள் பேட்டை மெக்கானிக் வந்து வண்டியைத் தன் பட்டறைக்கு இழுத்துப் போனார். பேட்டை முழுவதும் அவரை 'பாய்' என்றுதான் அழைக்கும். பெடலை ஒரு தடவை அழுத்திப் பார்த்ததுமே, "மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு சார்" என்றார்.

"எண்ணெயே ஒழுகவில்லையே, பாய்?"

"வெளியே ஒழுகலே சார். உள்ளுக்குள்ளேயே நழுவுது."

நேயர்களே, மாஸ்டர் சிலிண்டர் என்பது ஏதோ பெரிய வித்தை அல்ல. பீச்சாங்குழல்தான். பெடலை மிதித்தால் குழலுக்குள் இருக்கும் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய் வழியாக நாலு சக்கரத்துக்கும் போய் வண்டியை நிறுத்தும். பிஸ்டனைச் சுற்றி ரப்பர் கப்புகள் உண்டு. பாட்டி காலத்துப் பம்ப் ஸ்டவ்வில் வாஷர் தேய்ந்தால் என்ன ஆகும்? எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. இங்கேயும் அதே கதைதான். கப் தேய்ந்தால் எண்ணெய் முன்னால் போகாமல் பின்னால் நழுவிவிடும். அதனால்தான் பெடல் இறங்கியது; அதனால்தான் வெளியே ஒரு சொட்டும் தெரியவில்லை.

பாய் பழைய பிரேக் ஆயிலை ஒரு பாட்டிலில் வடித்துக் காட்டினார். புதிய எண்ணெய் தேன்போல் வெளுத்திருக்கும். எங்களுடையது காப்பி டிகாக்ஷன்போல் இருந்தது. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் சுபாவமுடையது. புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்ஷியஸுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டிய டாட்-3 ரக எண்ணெய், ஈரம் ஏறியபின் 140 டிகிரி அளவிலேயே கொதிக்கக்கூடும். அந்த ஈரமே சிலிண்டரின் உட்சுவரைத் துருப்பிடிக்கச் செய்யும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதை நான் ஆறு வருஷமாக மாற்றவில்லை. ஆகவே குற்றம் காருடையது அல்ல.

"ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் போதாதா?" என்று கேட்டேன். ஹோட்டலில் குடும்பத்தோடு டிபன் சாப்பிடும் செலவுகூட ஆகாதே!

பாய் சிலிண்டருக்குள் டார்ச் அடித்தார். உட்சுவரில் அம்மைத் தழும்புபோல் சின்னச் சின்னக் குழிகள். "இதிலே புது ரப்பர் போட்டா பத்தே நாள்லே கிழிஞ்சிடும்."

"புதுப்பேட்டையில் பழைய சிலிண்டர் கிடைக்குமே?"

"கதவு, கண்ணாடி, பம்பர் எல்லாம் பழசு வாங்குங்க சார். பிரேக் மட்டும் வேணாம்."

ஜெனரல் பாட்டர்ஸ் ரோடில் நாலு கடை ஏறி இறங்கிப் புதியதே வாங்கி வந்தேன்.

அதைப் பொருத்திய பிறகு, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். தூரத்திலிருக்கும் இடது பின்சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டுமாம். பாயின் உதவிப் பையன் அன்று வரவில்லை. என் மனைவி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பாய் சக்கரத்தடியில் ஸ்பானருடன் படுத்தார். எண்ணெய் குறையாமல் ஊற்றுகிற உத்தியோகம் எனக்கு.

"மிதிங்கம்மா!"

"மிதித்தாச்சு!"

"அப்படியே பிடிங்க. மூடியாச்சுன்னு சொல்றவரைக்கும் காலை எடுக்காதீங்க!"

நடுவே காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். ஒருவர் சொல்ல வேண்டும். மற்றவர் அதைக் காதில் வாங்கிப் பதில் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் அவர்கள் இருவரும் இந்த வேலையைச் செய்ததைப் பார்த்தேன். இதே மரியாதையை நான் என் மனைவியின் ஒரு வாக்கியத்துக்குக் கொடுத்திருந்தால், அந்த ஒரு சாண் இடத்தை நம்பிப் பிழைக்க நேர்ந்திருக்காதே என்று தோன்றியது.

நீங்களும் ஒரு தடவை பரீட்சை செய்து பாருங்கள். நிற்கும் வண்டியில் பிரேக்கை அழுத்தி அரை நிமிஷம் அப்படியே பிடியுங்கள். புதிய கார்களில் எஞ்சின் கிளம்பும்போது பெடல் சற்று இறங்கும், அது இயல்பு. அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால், வண்டியை எடுக்காதீர்கள். வீட்டுக்காரர் என்ன தீர்ப்புச் சொன்னாலும் சரி!

சாயங்காலம், ஆள் நடமாட்டமில்லாத தெருவில் வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள் என் மனைவி. மிதித்த இடத்தில் கல்போல் நின்றது பெடல்; வண்டியும் நின்றது.

"எப்படி இருக்கிறது?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"ரொம்ப நன்றாயிருக்கிறது," என்றாள் அவள். "பிரமை அடியோடு போய்விட்டது!"