பூட்டி வைத்த பட்டம்: 1944, இரண்டாம் முறை

ஜனவரி 2

குத்துச்சண்டை வீரர் டோனி ஸேல் 1944இல் அமெரிக்கக் கடற்படையில் இருந்தார். 1941 நவம்பர் 28 அன்று ஜார்ஜி ஆப்ரம்ஸை வென்று மிடில்வெயிட் பட்டத்தை முழுசாகக் கைப்பற்றியவர், அதைக் காத்துக்கொள்ள அடுத்து ரிங்கில் ஏறியது 1946 செப்டம்பர் 27இல். இடையில் ஏறக்குறைய ஐந்து வருஷம் பட்டத்தை முடக்கி வைத்தார்கள். போருக்குப் போனவனின் பட்டத்தைப் பறிக்கக் கூடாது என்ற வாதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 160 பவுண்டுக்குள் இருந்த மிகச் சிறந்த கறுப்பினக் குத்துச்சண்டை வீரர்கள் சிலரின் உச்ச வயது சரியாக அந்த ஐந்து வருஷத்தில்தான் வந்து போனது.

இந்த வருஷம் கணினிக் குத்துச்சண்டை விளையாட்டில் நான் ஓட்டப்போவது 1944. பூட்டைத் திறந்துவிட்டேன், பட்டம் காலி. எட்டுப் பேர்: சார்லி பர்லி, ஹோல்மன் வில்லியம்ஸ், லாய்ட் மார்ஷல், எடி புக்கர், ஜாக் சேஸ், கோகோ கிட், ஆர்ச்சி மூர், ஜேக் லமோட்டா. லமோட்டா ஒருவர்தான் வெள்ளையர். மற்றவர்களில் மூரைத் தவிர ஒருவருக்கும் வாழ்நாளில் உலகப் பட்டத்துக்கான சண்டை கிடைக்கவில்லை. மூருக்குக் கிடைத்ததும் 1952 டிசம்பரில், லைட் ஹெவிவெயிட்டில்.

ஆளுக்கொரு அட்டை. குத்தின் வலு, தற்காப்பு, தாங்கும் சக்தி, முகத்தோல் சீக்கிரம் கிழியுமா என்பதெல்லாம் எண்களாக இருக்கும். சுற்றுக்குச் சுற்று கணினி கணக்குப் போட்டு முடிவு சொல்லும். எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றே: வந்த முடிவுதான் முடிவு, பிடிக்கவில்லை என்று திரும்ப ஓட்டக் கூடாது.

ஜனவரி 21

நிஜத்தில் இதே நாளில் ஹாலிவுட்டில் எடி புக்கர் எட்டாவது சுற்றில் மூரை நிறுத்தினார். என் கணினியில் மூர் பத்துச் சுற்றும் நின்று புள்ளிக்கணக்கில் ஜெயித்துவிட்டார். போகட்டும்.

புக்கரை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது. கண் கெட்டுப்போய் அந்த 1944இலேயே அவர் ஓய்வு பெற்றார். அட்டையில் கண்ணுக்கு எண் கிடையாது. வரலாற்றை அப்படியே பின்பற்றுவதானால் மார்ச் முடிந்ததும் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்கப்போவதில்லை. போர் பூட்டி வைத்த பட்டத்தையே திறந்துவிட்ட எனக்கு, ஒரு மனுஷனின் கண்ணைத் திருப்பித் தர உரிமை இல்லையா என்ன?

மார்ச் 9

ஜாக் சேஸை பர்லி சுலபமாகத் தாண்டினார். கோகோ கிட்டை வில்லியம்ஸ் நூலிழையில் தாண்டினார். ஆனால் இன்று மாலை முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தது சண்டையை அல்ல, வில்லியம்ஸின் அட்டையை. ஏன் இவ்வளவு தாழ்ந்த மதிப்பு?

இவர் யாரென்றால், டெட்ராய்ட்டில் இளம் ஜோ லூயிஸுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர். கைகள் எளிதில் உடையும். அதனால் வலுவை நம்பாமல், அடி வாங்காமல் அடிக்கும் கலையைக் கற்றவர். ஆனால் அட்டையின் மதிப்பு வருவது வெற்றி தோல்விப் பதிவிலிருந்து. பெரிய பெயர்களின் மேலாளர்கள் இவரைப் போன்ற கறுப்பின வீரர்களை அண்டவிடவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு இவர்கள் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதினார்கள். வில்லியம்ஸும் கோகோ கிட்டும் மட்டும் பதின்மூன்று முறை. வில்லியம்ஸும் பர்லியும் ஏழு முறை. ஆளுக்கு மூன்று வெற்றி, ஒன்று முடிவில்லாமல் போனது.

ஒரே தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் கைமாற்று வாங்கிக் காலம் தள்ளுகிற கதைதான். தெருவுக்குள் வெளிப்பணம் வரவே இல்லை, எல்லார் பெயரிலும் கடன் மட்டும் எழுதியிருக்கிறது. அந்தக் கடனைத்தான் கணினி பலவீனம் என்று படிக்கிறது. ஆள் பார்த்து, எளிய எதிரிகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட ஒருவனின் பதிவு துடைத்துவைத்ததுபோல் பளிச்சென்று இருக்கும். அதைத் திறமை என்று படிக்கிறது. அன்று கதவைச் சாத்தியவர்கள் யாரும் இன்று உயிரோடில்லை. அவர்கள் போட்ட கணக்கு மட்டும் என் கணினிக்குள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

கறுப்பின வீரர்கள் எழுவரின் அட்டைகளையும் திருத்தினேன். தோல்விகளை எண்ணாமல், யாரிடம் தோற்றார்கள் என்பதை எடைபோட்டேன். இது கள்ளாட்டம் என்று ஒருவர் சொல்லலாம். திருத்தாமல் ஓட்டுவதும் ஒரு கட்சி எடுப்பதுதான்.

ஏப்ரல் 21

அரையிறுதி, பர்லி – மூர். நிஜத்தில் 1944இன் இதே நாளில் ஹாலிவுட்டில் பர்லி மூரைக் கீழே விழுத்தாட்டிப் பத்துச் சுற்றில் வென்றார். இங்கேயும் அவரே. மூன்றாம் சுற்றில் ஒரு முறை, எட்டில் ஒரு முறை மூர் கீழே. தன்னோடு மோதியவர்களில் பர்லியே சிறந்தவர் என்று மூர் பிற்காலத்தில் சொல்லி வந்தார்.

பர்லி பிட்ஸ்பர்க்காரர். 1936இல் ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கான தேர்வை மறுத்துவிட்டு, அதற்கு எதிராக பார்சிலோனாவில் நடக்கவிருந்த மக்கள் ஒலிம்பிக்ஸுக்குப் போனவர். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதால் அது நடக்கவில்லை. ரிங்கை விட்ட பிறகு பிட்ஸ்பர்க்கில் குப்பை அள்ளும் வேலை பார்த்தார். அதே ஊர் நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் ‘ஃபென்சஸ்’ நாடகத்தின் நாயகனுக்கு இவரிடமிருந்தும் உரு எடுத்தார். இவர் சண்டை போடுவதைக் காட்டும் படச்சுருள் என்று இன்று கிடைப்பது ஒன்றுதான், 1946இல் ஓக்லண்ட் பில்லி ஸ்மித்தோடு மோதியது. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அடிக்க வசதியான தூரத்திலேயே நின்று, கடைசி நொடியில் தலையை மட்டும் நகர்த்துகிறார். இதை எந்த எண்ணில் எழுதுவது?

ஜூன் 14

மார்ஷல், லமோட்டாவைப் புள்ளிக்கணக்கில் வென்றார். நிஜ 1944இலும் கிளீவ்லேண்டில் அப்படித்தான் நடந்தது.

லமோட்டாவின் அட்டையில் வேறு வகைச் சிக்கல். 1947இல் பில்லி ஃபாக்ஸிடம் நாலாவது சுற்றில் நிறுத்தப்பட்டார் என்று பதிவு சொல்கிறது. வேண்டுமென்றே தோற்றதாக 1960இல் செனட் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். பட்டச் சண்டை கிடைக்க அவர் கொடுத்த விலை அது. ஆக, ஒரு பொய்த் தோல்வி அவருடைய தாங்கும் சக்தியைக் குறைத்துக் காட்டுகிறது. அதையும் அழித்தேன். அவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மற்றவர்கள் ஒதுங்கிப்போன கறுப்பின வீரர்களோடு சளைக்காமல் மோதியவர் அவர்.

ஜூலை அரையிறுதியில் வில்லியம்ஸ் மார்ஷலை வென்றதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மந்தமான சண்டை.

ஆகஸ்ட் 31

ஹெவிவெயிட் வீரர் ராக்கி மார்சியானோ 1969இல் விமான விபத்தில் இறந்த நாள். இந்தப் பொழுதுபோக்கின் மூதாதைக் கதையில் அவருக்குப் பெரிய பங்கு. 1967இல் மரே வோரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர் எல்லாக் காலத்து ஹெவிவெயிட் வீரர்களையும் கணினியில் மோதவிட்டு, முடிவுகளை வர்ணனையோடு ஒலிபரப்பினார். அதில் முகமது அலி, ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றார். அலி சும்மா இருப்பாரா? பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். சமரசத்தில் முடிந்து, அவரும் மார்சியானோவும் சேர்ந்து ஒரு படத்தில் சண்டை போட்டார்கள். பல முடிவுகளைப் படம்பிடித்து வைத்தார்கள். 1970 ஜனவரியில் திரையிட்டபோது மார்சியானோ பதின்மூன்றாம் சுற்றில் நாக்-அவுட்டில் ஜெயித்தார். அதைப் பார்க்க அவர் இல்லை.

வீட்டுக்கு வந்திருந்த அண்ணன் மகன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டான்: “சித்தப்பா, இதுல யார் ஜெயிச்சா இப்ப யாருக்கு என்ன வரப்போகுது?”

“ஒண்ணும் வராதுடா. பேரு தெரியும்.”

“யாருக்கு?”

“இப்ப உனக்கு.”

அக்டோபர் 16

இறுதிச் சண்டை. பர்லி 1992இல் இறந்த தேதியைத்தான் தேர்ந்தெடுத்தேன். மனசு எந்தப் பக்கம் என்று மறைப்பானேன்.

பதினைந்து சுற்று. முதல் ஐந்தில் பர்லி முன்னால். ஆறிலிருந்து வில்லியம்ஸ் இடது கையாலேயே தூரத்தைக் கட்டிப்போட்டார். பன்னிரண்டில் பர்லியின் வலது கை விலாவில் இறங்கியது. வில்லியம்ஸ் தள்ளாடினாலும் விழவில்லை. நடுவரும் ஒரு நீதிபதியும் வில்லியம்ஸுக்கு, இன்னொரு நீதிபதி பர்லிக்கு. மிடில்வெயிட் சாம்பியன்: ஹோல்மன் வில்லியம்ஸ்.

திரையை வெகுநேரம் முறைத்தேன். நிஜத்தில் கிடைக்காத பட்டத்தை இங்கேயாவது பர்லிக்குக் கொடுக்கலாம் என்றுதான் வருஷ ஆரம்பத்தில் உட்கார்ந்தேன். மார்ச்சில் நான் திருத்திய அட்டைதான் அவரைத் தோற்கடித்தது. சட்டம் சட்டம்தான், திரும்ப ஓட்டவில்லை.

டிசம்பர் 30

ஆண்டுக் கணக்கு. சாம்பியன் வில்லியம்ஸ். அடுத்து பர்லி, மார்ஷல், மூர், புக்கர், லமோட்டா, கோகோ கிட், சேஸ். ஆண்டின் சிறந்த சண்டை இறுதிச் சண்டை இல்லை. நவம்பரில் புக்கர் சேஸோடு மோதியது. நிஜத்தில் ஓய்வு பெற்றுவிட்ட மனிதர் ஒன்பதாம் சுற்றில் விழுந்து எழுந்து, பத்தில் ஜெயித்தார்.

1945க்குத் திட்டம் போட்டாயிற்று. இன்னொரு வீரரான எஸார்ட் சார்ல்ஸ் ராணுவத்தில் இருப்பதால் 1946 வரை அவரைத் தொட முடியாது. ஸேல் திரும்பி வரும்போது முதல் பட்டச் சண்டை, நிஜத்தில் நடந்ததுபோல் ராக்கி கிராஸியானோவோடு கிடையாது, அப்போது யார் சாம்பியனோ அவரோடு. கிராஸியானோ வரிசையில் நிற்கட்டும். முதல் பதிவை இன்றே போட்டுவிட்டேன்: ஜனவரி, நியூ ஆர்லியன்ஸ், வில்லியம்ஸ் – பர்லி, பதினைந்து சுற்று.