சுவரில் ஒட்டிப் பார்க்கும் தமிழ்

வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் பயிற்சிகளில் என் மனசுக்கு நெருக்கமானது தரங்கம்பாடிதான். அங்குள்ள டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்தை மனதில் வைத்து விளக்கப் பலகைகளை மாதிரியாகச் செய்ய வேண்டும். செய்ததை ஊர்க்காரர்களிடம் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்த வேண்டும். நான் மதிப்பெண் போடுவது அந்தத் திருத்தங்களுக்குத்தான்.

முதல் வரைவு அநேகமாக ஒரே மாதிரி வரும். ஆங்கிலம் இடப்பக்கம் காற்றோட்டமாக உட்கார்ந்திருக்கும். மொழிபெயர்த்த தமிழ், மிச்சமிருக்கும் இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒரே செய்திக்குத் தமிழ் கூடுதல் இடம் கேட்கும், சொற்கள் நீளமானவை. இகரக் குறி மேலே வளையும், உகரம் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் மேல்வரியின் 'கு'வும் கீழ்வரியின் 'கி'யும் முட்டிக்கொள்ளும். இன்டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளைக் கையாளும் கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறந்தால் 'கொ'வின் கொம்பு எழுத்தைவிட்டு விலகி நிற்கும். அதை அப்படியே அச்சிட்டு மாட்டிய பெயர்ப்பலகைகளை நம் ஊர்களில் எத்தனை பார்க்கிறோம்! அதனால் நான் வைத்திருக்கும் சட்டம் ஒன்றுதான்: தமிழை முதலில் அமையுங்கள். தமிழ் வசதியாக உட்கார்ந்த பிறகு ஆங்கிலத்துக்கு இடம் பாருங்கள்.

இந்தப் பாடத்துக்குத் தரங்கம்பாடியைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 1706-இல் அங்கே வந்திறங்கிய கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு, தமிழ் எழுத்து மாதிரிகளை ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கே வார்த்த அச்செழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தபோது அளவில் மிகப் பெரியவையாக இருந்தன. அவற்றை வைத்து அடித்தால் புத்தகம் பருத்துவிடும், காகிதமோ கிடைப்பது அரிது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. எழுத்தின் அளவைக் காகிதமும் பணமும் கண்ணும் சேர்ந்து தீர்மானித்த கதை இது. இதைக் கேட்ட பிறகு எந்த மாணவரும் எழுத்தின் அளவைக் கண்மூடித்தனமாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கையில் வைத்துப் படிக்கும் புத்தகத்துக்கு எழுத்து சிறுக்கலாம். ஐந்தடி தள்ளி நின்று, குழந்தையை இடுப்பில் வைத்தபடி படிப்பவருக்கு அது பெருக்க வேண்டும்.

திரையில் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. பலகையின் முழு அளவுக்குக் காகிதத்தில் அச்சிட்டு, டேப் போட்டுச் சுவரில் ஒட்டுவோம். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி, வர விரும்புகிறவர்களை அழைத்து வந்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுவோம். மாணவர்கள் பேசக் கூடாது. படிப்பவர் எங்கே திக்குகிறார், எங்கே ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவுகிறார், எந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் பேச ஆரம்பிக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'வணிக நலன்களை முன்னிட்டு உடன்படிக்கை மேற்கொள்ளப்பட்டது' என்ற வரியில் எல்லோரும் தடுக்கினார்கள். 'வியாபாரம் செய்ய இடம் கேட்டார்கள், 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் கொடுத்தார்' என்று ஒரு மாணவி மாற்றினாள். அதை ஒரே மூச்சில் படித்தார்கள்.

மீன் விற்கும் அம்மா ஒருவர் கடைசிவரை பொறுமையாகப் படித்துவிட்டு, "எல்லாம் சரி பாப்பா, இதுல நாங்க எங்க இருக்கோம்?" என்று கேட்டார். கோட்டை கட்டியவர்கள், அதை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றவர்கள், எல்லோரும் பலகையில் இருந்தார்கள். அதற்கெல்லாம் முன்பே, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் இருந்த ஊர், ஒரு வாக்கியமாகக்கூட அதில் இல்லை.

நான் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் வேலை அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தொடங்கியது. பிள்ளைகள் வயதான மீனவர்களோடு கரையில் உட்கார்ந்து பேசினார்கள். "கரையில தெரியுற ரெண்டு அடையாளத்தை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வச்சுத்தான் தம்பி கடல்ல இடம் பிடிப்போம்" என்றார் ஒருவர். கோட்டையும் அப்படி ஓர் அடையாளம் என்றார். மாணவர்கள் வரைந்திருந்த வரைபடம், மேலே வடக்கு என்று பாடப்புத்தக முறையில் இருந்தது. அதைத் தூக்கிவைத்துவிட்டு, படகிலிருந்து பார்க்கிறவரின் கண்ணில் ஊரை வரைந்தார்கள். கடல் கீழே, பார்ப்பவரின் காலடியில். அதற்கு அப்பால் மணல், கோட்டை, கோயில், தெரு. அளவு துல்லியமில்லை என்று ஒரு மாணவன் தயங்கினான். இந்தப் பலகைக்கு அளவு துல்லியம் தேவையில்லை, அந்த மீனவர் தன் இடத்தை அதில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும் என்றேன். மறுநாள் அவர் காட்டினார். படகு திரும்பும் வழியையும் விரலாலேயே இழுத்தார். ஒரு மாணவி அந்த வழியை அப்படியே பலகைக்கு ஏற்றினாள்.

இத்தனையையும் சேர்த்தால் எழுத்து பெருகும். ஒரு பலகைக்கு எழுபது சொல்லுக்கு மேல் நான் விடுவதில்லை. ஆளுநர்களின் பெயர் வரிசை போனது, பீரங்கிகளின் கணக்கு போனது. வரலாறு படிக்கும் நண்பர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. அந்த விவரங்களுக்குக் கையேடு இருக்கிறது. சுவரில் இடம் குறைவு, நிற்பவரின் கால் வலியும் கணக்கில் வர வேண்டும்.

இப்போது பலகை செய்யும் பொருளைப் பற்றிய விவாதம் ஓடுகிறது. கடலோர உப்புக்காற்றில் இரும்புச் சட்டம் துருவேறும், ஒட்டிய வினைல் ஓரத்தில் உரியும். எதில் அச்சிடலாம் என்று பிள்ளைகள் படகுக்குப் பெயர் எழுதுகிறவர்களிடம் கேட்டு வருகிறார்கள். எனாமல் பெயிண்ட் எத்தனை மழைக்கு நிற்கும், எந்த நிறம் முதலில் வெளுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.