அக்கரையும் அக்கறையும்: பாறசாலை எல்லைக் கிராமங்களின் வழியே

குழித்துறையைக் கடந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் இரயில் சற்று நேரத்தில் பாறசாலையை அடைகிறது. அதற்குள் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கிவிட்டது. பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறியிருப்பதைத் தவிர, எல்லையைக் கடந்ததற்கு வேறு அடையாளம் எதுவும் தென்படுவதில்லை. அதே செம்மண், அதே மரச்சீனித் தோட்டம், அதே வாழையும் இரப்பரும். களியக்காவிளையிலிருந்து இஞ்சிவிளை வழியாகச் சாலையில் வருவோருக்கும் இதே அனுபவந்தான். வீட்டு முற்றங்களில் தமிழும் மலையாளமும் ஒரே பேச்சில் கலந்து ஒலிக்கின்றன.

சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் நம் சபைகளில் ஆராதிக்கிற குடும்பங்களில், குமரி மாவட்டத்தையும் அதையொட்டிய இந்த எல்லைப் பகுதியையும் சொந்த ஊராகக் கொண்டவர்கள் உண்டு. பிள்ளைகளின் நலனை எண்ணியே ஊரை விட்டு நகரத்திற்கு வந்தவர்கள் அவர்கள். இப்பொழுது அவர்களில் பலர் அடுத்த கேள்வியைக் கேட்கிறார்கள். வெளிநாட்டிற்குச் சென்றால் நம் பிள்ளைகள் இன்னும் நன்றாகவும் இன்னும் பாதுகாப்பாகவும் வளர்வார்களா? இக்கேள்வியோடு பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை பயணம் செய்தால், பல தலைமுறைகள் அதற்குக் கண்ட விடைகளை வழியெங்கும் காணலாம்.

எல்லை நகர்ந்த ஊர்

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் தமிழரோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியிருந்தும், அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. அண்ணன் வீடு ஒரு மாநிலத்திலும் தம்பி வீடு மறு மாநிலத்திலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன.

இதனால் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஓர் அடிகூட எடுத்து வைக்காமலேயே இடம்பெயர்ந்தவர்களின் நிலையை அடைந்தன. பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் கற்றார்கள். பாட்டி தமிழ் வேதாகமத்தை வாசித்தாள். பிள்ளையின் மொழியும் உலகமும் பெற்றோரின் கையை விட்டு நழுவுவதற்கு விமானம் ஏற வேண்டிய அவசியமில்லை என்பதை இந்த ஊர்கள் நமக்கு முன்பே அறிந்திருந்தன.

போனவர்களுக்குக் காரணம் இருந்தது

ஊரை விட்டுப் போனவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் இந்த மண்ணின் பழைய வரலாற்றை அறிந்தவர் அப்படிப் பேசமாட்டார். திருவிதாங்கூரில் 1855ஆம் ஆண்டு வரை அடிமை முறை சட்டப்படி இருந்தது. தாயினிடமிருந்து பிள்ளையைப் பிரித்து விற்கவும் அது இடங்கொடுத்தது. நாடார் குலப் பெண்கள் தங்கள் மார்பை மறைத்து ஆடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் துன்பப்பட்ட பின்னரே, 1859ஆம் ஆண்டு அரச பிரகடனம் அதற்கு இணங்கியது. இலண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்த பிறகு தெற்கே தொடங்கிய பணி பாறசாலைக்கும் பரவியது. ஜான் ஆப்ஸ் போன்ற ஊழியர்கள் இங்கே தங்கிச் சபைகளையும் பள்ளிகளையும் நடத்தினார்கள்.

அந்தக் காலத்திலேயே தென் திருவிதாங்கூர் மக்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கடல் கடந்து சென்றார்கள். கூலியோடு சிறிது தன்மானமும் அவர்களுக்கு அங்கே கிடைத்தது. தன் பிள்ளை இன்னொருவன் காலடியில் கிடக்கக்கூடாது என்று எண்ணிய தகப்பன் கப்பல் ஏறியதில் என்ன தவறு?

நம் பெந்தெகொஸ்தே வரலாற்றிலும் இதற்குச் சாட்சி உண்டு. திருச்சூர்ப் பகுதியிலிருந்து பிழைப்புக்காக இலங்கைக்குச் சென்ற இராமன்குட்டி என்னும் இளைஞர், அந்நிய தேசத்தில் ஆண்டவரை அறிந்தார். பாஸ்டர் பால் என்று அறியப்பட்ட அவரே, 1920களில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். அக்கரையிலும் தேவன் இருக்கிறார். ஆகையால் போகலாமா கூடாதா என்பதோடு நம் கேள்வி முடிவதில்லை.

புதிய வீடும் பழைய பாட்டியும்

பாறசாலையிலிருந்து உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு உட்பாதைகளில் நடந்தால், வளைகுடாப் பணத்தில் எழுந்த மாடி வீடுகளைக் காணலாம். சில வீடுகளில் கேட் பூட்டிக் கிடக்கிறது. சிலவற்றில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் மட்டும் இருக்கிறார்கள். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த பாட்டி, மலையாளத்தில் எழுதப்பட்ட மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட வேண்டிய நிலையும் இவ்வூர்களில் புதிதல்ல.

திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1998 முதல் கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பை நடத்தி வந்தது. 2023ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு, கேரளத்தவர் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாகக் கூறுகிறது. அவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். வெளிநாடு சென்ற மாணவர்களின் தொகை 2018இல் ஏறக்குறைய 1 லட்சத்து 30 ஆயிரமாக இருந்தது; 2023இல் அது 2 லட்சத்து 50 ஆயிரமாக உயர்ந்துவிட்டது.

"வெளிநாடு சென்றால் பிள்ளைகள் நன்றாக வளர்வார்களா?" என்று நாம் கேட்கிறோம். ஆனால் வெளிநாடு செல்பவர்களில் பெரும் பகுதியினரோடு பிள்ளைகள் செல்வதே இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும் என்று 2019இல் விதிக்கப்பட்டது. கட்டிட வேலைக்குச் செல்லும் தகப்பனுக்கு இது எட்டாத தொகை. சவூதி அரேபியா 2017ஆம் ஆண்டு ஜூலையில், உடன் இருக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. அது ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் 400 ரியால் ஆனது. கட்டணத்தைத் தாங்க முடியாத தகப்பன்மார் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் மட்டும் அங்கே தங்கினார்கள்.

மேற்கு நாடுகளிலும் வாசல் குறுகி வருகிறது. பிரிட்டனுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் செல்வோர் குடும்பத்தை அழைத்துக்கொள்ளக்கூடாது என்னும் விதி 2024 மார்ச் 11 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூலையிலிருந்து அவ்வேலைக்கு வெளிநாடுகளிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. இந்த இடைக்காலத்தில் சென்ற தாய், பிறர் பெற்றோரைப் பராமரிப்பதற்காகத் தன் பிள்ளையைப் பிறர் பராமரிப்பில் விட்டுச் செல்ல வேண்டியதாயிற்று. மருத்துவமனைச் செவிலியராகச் செல்பவருக்கு இத்தடை இல்லை. ஒரே நாட்டிற்கு ஒரே விமானத்தில் செல்லும் இரு தாய்மாரில் ஒருத்தி பிள்ளையோடு வாழ்வாள்; மற்றவள் கைப்பேசித் திரையில் மட்டுமே பிள்ளையைக் காண்பாள். விசாவின் வகையைப் படித்துப் பார்க்காமல் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

எங்கே பாதுகாப்பு?

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, அங்கே வசதியோடு வாழ்ந்த இந்தியக் குடும்பங்கள் வீட்டையும் வங்கிச் சேமிப்பையும் விட்டு வெளியேறின. ஏறக்குறைய 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை இந்திய அரசு விமானங்களில் அழைத்து வந்தது. 2024 ஜூன் 12 அதிகாலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் பற்றிய தீயில் 45 இந்தியர் இறந்தனர். அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் கேரளத்தார். 7 பேர் தமிழ்நாட்டார். பிள்ளைகளுக்கு நல்ல வாழ்வு வேண்டும் என்று நெருக்கடியான அறைகளில் உறங்கியவர்களை அந்தத் தீ வாரிக்கொண்டது.

அப்படியானால் சொந்த ஊர் பாதுகாப்பானதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பலர் வீட்டாருக்கு நன்கு அறிமுகமானவர்களே. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012இல் இயற்றப்பட்டதும், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் நாடெங்கும் இயங்குவதும், நம் ஊர்களிலும் ஆபத்து உண்டு என்பதற்குச் சான்று. தகப்பன் அனுப்பும் பணத்தைக் குறிவைத்து வருகிற நண்பர்கள், கண்காணிக்க ஆளில்லாத கைப்பேசி, மது, போதைப் பொருள் ஆகியவை கிராமத்து வீட்டிற்குள்ளும் நுழைகின்றன. சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பில், பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றபின் மாலை ஏழு மணி வரை தனித்திருக்கும் பிள்ளையின் நிலையும் இதற்கு வேறானதன்று.

வேதத்தில் மூன்று தகப்பன்மார்

பிள்ளைகளோடு இடம்பெயர்ந்த மூன்று தகப்பன்மாரை வேதம் நமக்குக் காட்டுகிறது. லோத்து நீர்வளம் பொருந்திய சமவெளியைக் கண்டு கூடாரம் போட்டான். நிலத்தின் செழிப்பைப் பார்த்தவன், அந்த ஊராரின் நடத்தையைப் பார்க்கவில்லை. தன் பிள்ளைகளுக்கு அங்கே நேரிட்டதை ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். எலிமெலேக்கு பஞ்சத்திற்குப் பயந்து மோவாபுக்குச் சென்றான். சில காலம் தங்குவதற்கென்று சென்ற இடத்தில் அவன் மரித்தான். குமாரர் இருவரும் அங்கேயே மரித்தார்கள். நகோமி வெறுமையாய்த் திரும்பினாள்.

மூன்றாவது தகப்பன் யோசேப்பு. ஏரோதின் வாளுக்குப் பிள்ளையைத் தப்புவிக்க இரவிலேயே எகிப்துக்குப் புறப்பட்டான். இடம்பெயர்வது விசுவாசக் குறைவு என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். நம் இரட்சகரும் தம் குழந்தைப் பருவத்தில் அந்நிய தேசத்தில் அடைக்கலம் புகுந்தவரே. யோசேப்பு தேவனுடைய வழிநடத்துதலைப் பெற்றுச் சென்றான். பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு சென்றான். ஆபத்து நீங்கியதும் திரும்பி வந்தான். எகிப்து பிள்ளையை வளர்க்கும் என்று நம்பி அவன் அனுப்பி வைக்கவில்லை. தானே உடனிருந்து வளர்த்தான்.

உடன் இருக்க இயலாத தகப்பன்மாருக்கும் வேதத்தில் ஆறுதல் உண்டு. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் பவுல், பாட்டியாகிய லோவிசாளையும் தாயாகிய ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பாறசாலையில் பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டி அற்பமானவள் அல்ல. ஆனால் அவளுக்குத் துணை வேண்டும்.

தறியின் பக்கத்தில்

நெய்யாற்றின்கரையைத் தாண்டிச் சில கிலோமீட்டர் சென்றால் பலராமபுரம் வருகிறது. பலராமவர்மா மன்னர் காலத்தில், அதாவது 1798க்கும் 1810க்கும் இடையில், நெசவாளர் குடும்பங்கள் தமிழ்ப் பகுதியிலிருந்து இங்கே வரவழைக்கப்பட்டுக் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் நெய்த சரிகைக் கரை வெள்ளைத் துணி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்தவர்களே இவர்களும். ஆனால் குடும்பமாக வந்தார்கள். குழித்தறியில் தகப்பன் நெய்ய, தாய் நூல் சுற்ற, பிள்ளை அருகில் அமர்ந்து கற்றுக்கொண்டது. கைத்தறித் தொழில் நலிந்துவிட்ட இந்நாளில் அந்த வாழ்வை அப்படியே திரும்பக் கொண்டுவர இயலாது. எனினும், புதிய ஊரில் பிள்ளையை நிலைநிறுத்தியது என்ன என்பதை அந்தத் தறி நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

நல்ல பள்ளியையும், நல்ல மருத்துவமனையையும், ஒழுங்கான சாலையையும் ஒரு நாடு கொடுக்கலாம். பிள்ளையைக் காலையில் எழுப்பி, இரவில் அதனோடு ஜெபித்து, அதன் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்பதற்கு எந்த நாடும் ஆள் அனுப்புவதில்லை. அந்த ஆள் யார் என்று தெரியாதவரை, அக்கரையின் வசதிகளைக் கணக்கிட்டுப் பயனில்லை.

புறப்படுமுன்

பிரியமான பெற்றோரே, வெளிநாட்டு வாய்ப்பு வரும்போது முழங்காலில் நின்று ஜெபியுங்கள். ஜெபித்து எழுந்தபின் சில காரியங்களை விசாரித்து அறியுங்கள். இந்த விசாவில் மனைவியும் பிள்ளைகளும் உடன் வர அனுமதி உண்டா? இல்லையென்றால், எத்தனை ஆண்டுகளுக்குப் பின் திரும்புவது என்று கணவனும் மனைவியும் சேர்ந்து தீர்மானித்தீர்களா? கையில் இத்தனை தொகை சேர்ந்தால் போதும் என்று ஓர் எல்லை வகுத்தீர்களா? ஏஜென்ட் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவர்தானா? பிள்ளையின் பள்ளிக்கு யார் செல்வார்? நோயுற்றால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்? பதினெட்டு வயது மகனையோ மகளையோ தனியே படிக்க அனுப்புவதானால், கடன் சுமையை அவர்கள் தோளில் ஏற்றி அனுப்புகிறீர்களா? செல்லும் ஊரில் ஒரு சபையும், நம்பத்தக்க ஒரு குடும்பமும் உண்டா?

சபைக்கும் இதில் பங்கு உண்டு. வெளிநாடு செல்பவருக்காக மேடையில் கைவைத்து ஜெபித்து அனுப்புகிறோம். அவர் விட்டுச் செல்லும் பிள்ளைகள் மறு ஞாயிறு எந்தப் பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறோமா? பெற்றோர் வெளியூரிலுள்ள பிள்ளைகள் யார் யார் என்பது போதகருக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒரு வாலிபன், பாட்டியோடு பள்ளிக் கூட்டத்திற்குச் சென்று வரலாம். காணிக்கைப் பெட்டியில் வெளிநாட்டுப் பணத்தை ஏற்றுக்கொள்ளும் சபை, அதை அனுப்பியவரின் பிள்ளையையும் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்வதே நியாயம்.

நெய்யாறு மலையில் பிறந்து நெய்யாற்றின்கரையைக் கடந்து பூவாறு அருகே கடலில் கலக்கிறது. அதன் இரு கரைகளிலும் பிள்ளைகள் வளர்கிறார்கள். நாளை அவர்களில் சிலர் இங்கேயே தங்குவார்கள், சிலர் கடலுக்கு அப்பால் செல்வார்கள். எங்கே இருந்தாலும் அவர்களுக்கு அருகில் ஒரு தகப்பனோ தாயோ, அவர்கள் இல்லாவிடில் கரிசனையுள்ள ஒரு விசுவாசியோ இருக்கும்படி நாம் ஜெபிப்போம், ஜெபித்தபடியே செய்வோம். கர்த்தர் நம் சந்ததியைக் காப்பாராக.