பங்கோர் போறவங்க ஒரு ராத்திரி தங்கிட்டு வாங்க

மாசி மகம் நெருங்குது. கடலைப் பார்த்து இருக்கும் பங்கோர் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்துக்கு நிறைய பேர் கிளம்புவீங்க. லுமுட்டிலிருந்து ஃபெரியில் அரை மணி நேரம். அர்ச்சனை, அன்னதானம் முடிஞ்சதும் பல பேர் அடுத்த ஃபெரியைப் பிடிச்சிடறாங்க. நாங்க சில வருஷமா வயசானவங்களையும் கூட்டிக்கிட்டு ஒரு ராத்திரி தங்குறோம்.

மறுநாள் காலையில் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தெலுக் கெடோங். 1670-ல் டச்சுக்காரங்க ஈயம் சேர்த்து வைக்கக் கட்டின கோட்டை. இப்போ இடிஞ்ச செங்கல் சுவர்தான் மிச்சம். அங்கே உட்கார்ந்து பிள்ளைகளுக்கு பங்கோர் ஒப்பந்தக் கதையைச் சொல்வோம். 20.1.1874-ல் கையெழுத்தாச்சு. அதுக்கப்புறம்தான் பேராக்கில் வெள்ளைக்காரன் ஆட்சி காலூன்றியது. பிறகு ரோடு, ரயில், ரப்பர் தோட்டம், நம்ம ஆளுங்க.

தோட்டத்திலேயே பால் வெட்டி ஓய்ஞ்ச ஒரு பாட்டி கேட்டாங்க: "அப்போ எங்க தாத்தா கப்பலேறி வந்த கதை இங்கேதான் ஆரம்பமாய்யா?" முழுசா இல்லை பாட்டி, பேராக்குக்கு வந்தவங்களுக்கு இது ஒரு வாசல்னு சொன்னோம். சுவரைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே ரொம்ப நேரம் நின்னாங்க.

தங்குற அன்னைக்கு சாயங்காலம் தெலுக் நிப்பா கடற்கரைக்குப் போங்க. இருவாச்சிப் பறவைகள் கூட்டமா வரும். திரும்பும் வழியில் ஃபூ லின் கோங் சீனக் கோயிலில் குட்டி சீனப் பெருஞ்சுவரைப் பார்க்கலாம். பங்கோர் டவுனில் நெத்திலி வாங்கலாம்.

சில விஷயங்கள்:

✅ ரோஸ் கலர் வேன்தான் டாக்சி. ஏறுறதுக்கு முன்னாடியே கட்டணம் பேசிக்குங்க.
✅ ஜெட்டியில் ஃபெரி ஆடும். பெரியவங்க கையைப் பிடிச்சு ஏத்துங்க.
✅ மாலை கொண்டு வந்த பிளாஸ்டிக் பையைக் கடலில் விடாதீங்க. அந்தக் கடல்தான் மீனவங்களுக்குச் சோறு போடுது.

ஷிப்ட் வேலையில் லீவு கிடைக்கிறது எவ்வளவு சிரமம்னு எங்களுக்கும் தெரியும். ஆனா போன வருஷம் எங்களோடு வந்தவங்களில் ரெண்டு பேர் இன்னைக்கு இல்லை. உங்க வீட்டுப் பெரியவங்களை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு விட்டுடாதீங்க. வர விரும்புறவங்க ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிஞ்சதும் பெயர் கொடுங்க.

ஓம் சக்தி 🙏